பாதியில் நிற்கும் நாவல்: வீடு, வேலை, நோய்க்கு நடுவில் எழுதி முடிக்க என்ன வழி?

அலைக்கரை:
வணக்கம். நாவல் ஒன்று 60,000 சொல் என்று திட்டம். 27,000இல் நிற்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டறை ஃப்ளாட். மகளுக்கு இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. மாமிக்குப் பக்கவாதம், படுக்கையில். கந்தோர் நாலரைக்கு முடியும். ஆர்வம் காட்டிய பதிப்பாளரும் பின்வாங்கிவிட்டார். ஃபைலைத் திறந்தால் எந்தப் பாத்திரம் எங்கே நிற்கிறது என்பதே பிடிபடுவதில்லை. பழையதை வாசித்து முடிக்கும்போது கிடைத்த நேரமும் போய்விடுகிறது. ஆறுதல் வேண்டாம். செய்முறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விடிவெள்ளி:
கணக்கை முதலில் போடுவோம். மிச்சம் 33,000 சொல். நாளுக்கு 300, கிழமைக்கு 5 நாள் என்றால் 1,500. அப்படியே போனால் 22 கிழமையில் முதல் வரைவு முடியும். 300 சொல் பெரிய வேலை இல்லை, ஏ4 தாளில் ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதிகாலை 4.30க்கு எழும்புங்கள். 5.30 வரை யாரும் தேட மாட்டார்கள், காலி வீதி இரைச்சலும் அடங்கிக் கிடக்கும். போனை மற்ற அறையில் சார்ஜில் போட்டுவிடுங்கள். ஒரே நேரம், ஒரே கதிரை. இதைவிட வேறு இரகசியம் இல்லை.

குசினிக்கணக்கு:
விடிவெள்ளி அண்ணை, 22 கிழமைக் கணக்குச் சரி. ஆனா அந்த 4.30 ஆருக்குச் சும்மா கிடைக்குது எண்டு பாருங்கோ. படுக்கையில இருக்கிற ஆளை 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வைக்க வேணும், இல்லாட்டிப் படுக்கைப்புண் வரும். ராவில ரெண்டு மூண்டு தரம் எழும்பின பொம்பிளை 4.30க்கு நாவல் எழுத மாட்டா, எழுதினாலும் அடுத்த நாள் அழிப்பா. ஸ்கூல் வான் ஆறரைக்கு வாசலுக்கு வந்திடும், அதுக்கு முதல் ரெண்டு பேருக்குச் சாப்பாடு கட்ட வேணும். அதிகாலை எழுத்து எண்டது தேத்தண்ணி ஆரோ ஊத்தித் தாற வீட்டுப் பழக்கம்.

அலைக்கரை அக்கா, நேரத்தைத் தேடாதேங்கோ. வேலையை நாலாப் பிரியுங்கோ. முதலாவது, புதுசாக் காட்சி எழுதுறது. இதுக்குக் குறைஞ்சது 40 நிமிசம் இடையில ஆரும் கூப்பிடாத நேரம் வேணும், அது கிழமைக்கு ரெண்டு தரம் கிடைச்சாலே போதும். ரெண்டாவது, எழுதினதைத் திருத்திறது, 20 நிமிசத் துண்டுகளாச் செய்யலாம். மூண்டாவது, தகவல் பாக்கிறது, பெயர், திகதி, இடம். நாலாவது வெறும் கைவேலை: கையெழுத்தை ரைப் பண்ணுறது, பக்கம் போடுறது, அஞ்சல் அனுப்பிறது. நித்திரை முழிச்ச நாளில முதலாவதைத் தொடாதேங்கோ, நாலாவதைச் செய்யுங்கோ. தொடர்பு அறாமல் இருந்தால் காணும்.

வீட்டில கேக்கேக்க "எனக்கு எழுத நேரம் வேணும்" எண்டு கேட்டால் ஒண்டும் நடக்காது. "செவ்வாயும் வெள்ளியும் 7.30இல இருந்து 8.15 வரை மாமியின்ர மருந்தும் பிள்ளையின்ர கொப்பியும் உங்கட பொறுப்பு" எண்டு ஆளை, நாளை, வேலையைச் சொல்லிக் கேளுங்கோ. அந்த 45 நிமிசத்தில மருந்து எங்க எண்டு கேட்டு வந்தால் ஒப்பந்தம் முறிஞ்ச மாதிரித்தான். மருந்துப் பட்டியலை நேரத்தோட எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில ஒட்டி விடுங்கோ.

விடிவெள்ளி:
நோயாளி இருக்கும் வீட்டுக்கு 4.30 பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். சொல் அளவை மட்டும் விடாதீர்கள். நாளுக்கு என்று வைக்காமல் கிழமைக்கு 1,000 என்று வைத்தால் 33 கிழமை.

மெய்ப்பாளன்:
நேரம் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். அலைக்கரை சொன்ன நோய் வேறு. விட்டுப்போன பிரதிக்குத் திரும்பி வருவதற்கு அவருக்கு ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலம் செலவாகிறது. 45 நிமிடம் கிடைக்கும் ஒருவருக்கு அதில் 30 வாசிப்பில் போனால் நாவல் முடியவே முடியாது. இந்தத் திரும்பும் செலவை 3 நிமிடமாகக் குறைக்க வேண்டும். அதற்கு முதலில் ஒருமுறை பெரிய வேலை, பிறகு ஒவ்வொரு முறையும் சின்ன வேலை.

பெரிய வேலை இது. 27,000 சொல்லையும் தாளில் அச்செடுங்கள், ஒன்றரை இடைவெளியில், வலப்பக்கம் அகலமான விளிம்பு விட்டு. பென்சிலோடு ஒரே மூச்சாக வாசியுங்கள். ஒரு கிழமைக்குள் முடிக்க வேண்டும், இழுத்தால் முன்பகுதி மறுபடி மறந்துவிடும். வாசிக்கும்போது வசனத்தைத் திருத்தக் கூடாது, இதுதான் கடினம். திருத்தத் தொடங்கினால் மூன்றாம் அத்தியாயத்திலேயே நின்றுவிடுவீர்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சின்ன அட்டை. அதில் எங்கே, எப்போது, யார், காட்சி முடியும்போது என்ன மாறியது என்று நான்கு விஷயம் மட்டும். 27,000 சொல்லில் 25 முதல் 35 காட்சி வரை இருக்கும். எதுவும் மாறவில்லை என்று அட்டையில் எழுத வேண்டி வந்தால் அந்தக் காட்சிக்கு ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள், வெட்டுவது பிறகு.

அடுத்தது கதைக்கான நாட்காட்டி. கதை 1994இல் நடந்தால் 1994 நாட்காட்டியையே எடுங்கள். நாவல்களில் மெய்ப்புப் பார்க்கும்போது அதிகம் அகப்படும் பிழைகள் வயது, கிழமை, நிலா மூன்றும்தான். ஒரு அத்தியாயத்தில் பௌர்ணமி வெளிச்சத்தில் கடற்கரையில் கதைத்தவர்கள், நான்கு நாள் கழித்து அமாவாசை இருட்டில் தடக்கி விழுவார்கள். போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளில் கதாநாயகன் வங்கிக்குப் போவான். வாசகர் இதைக் கண்டுபிடித்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பார்.

மூன்றாவது, யாருக்கு என்ன தெரியும் என்ற பட்டியல். தம்பியின் கடன் அக்காவுக்கு எந்தக் காட்சியில் தெரியவந்தது? இடைவெளி விட்டு எழுதும் நாவல்கள் இங்கேதான் உடைகின்றன. இரண்டு தரம் அதிர்ச்சி அடைவார், அல்லது தெரியாத விஷயத்தைக் கதைப்பார்.

இனி ஒவ்வொரு முறையும் செய்யும் சின்ன வேலை. எழுதி முடித்து எழும்ப முன் கடைசி 3 நிமிடத்தில், ஃபைலின் அடியில் மூன்று வரி: இப்போது யார் எங்கே நிற்கிறார், அடுத்து அவர் செய்யப்போகும் ஒரு உடல் அசைவு, இந்தக் காட்சி எதை நோக்கிப் போகிறது. "அடுத்து உணர்ச்சிகரமான உரையாடல்" என்று எழுதினால் பயன் இல்லை. "சிவா கேத்தலை அடுப்பில் இருந்து இறக்குகிறான், தகப்பன் கடிதத்தைப் பற்றிக் கேட்கப்போகிறார்" என்று எழுதினால் பத்து நாள் கழித்துத் திறந்தாலும் கை தொடங்கிவிடும். முடிந்தால் வசனத்தை நடுவில் முறித்துவிட்டு எழும்புங்கள்.

தெரியாத தகவலுக்காக எழுத்தை நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் ஃஃ என்று இரட்டை ஆய்தம் போட்டுக் கடந்து போங்கள். தமிழில் எந்தச் சொல்லிலும் ஃஃ சேர்ந்து வராது, ஆகவே பிறகு தேடினால் அவை மட்டும் வரும். குசினிக்கணக்கு சொன்ன மூன்றாவது வகை வேலை அப்போது தானாகவே பட்டியலாகிவிடும்.

அலைக்கரை:
மெய்ப்பாளன் ஐயா, மிக்க நன்றி. அட்டை வேலையை மாமியின் கட்டிலடியில் இருந்தே செய்யலாம் போலிருக்கிறது. ஒரு கேள்வி: கிளினிக்கில் காத்திருக்கும்போது போனில் பேசி எழுதலாமா? தமிழுக்குச் சரிவருமா?

குரல்வரி:
சரிவரும், சில நிபந்தனைகளோடு. கூகிள் விசைப்பலகையில் "தமிழ் (இலங்கை)" என்று தனியாக இருக்கிறது, "தமிழ் (இந்தியா)"வும் இருக்கிறது. இரண்டிலும் ஒரே பந்தியைச் சொல்லிப் பார்த்து, உங்கள் உச்சரிப்புக்குக் குறைவாகப் பிழை விடுவதை வையுங்கள்.

நிறுத்தக்குறி ஒழுங்காக வராது, ஆகவே ஒரு வசனம் முடிந்ததும் அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். விவரிப்பு நன்றாக விழும். யாழ்ப்பாணப் பேச்சு உரையாடல்தான் சிக்கல்: "வந்தனான்", "போகேக்க", "எண்டவர்" எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றிவிடும். உரையாடலை எழுத்துத் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு கையால் மாற்றுங்கள். முக்கியமானது, அன்றைக்கே திருத்த வேண்டும். இரண்டு நாள் போனால் அது எழுதியது என்ன, நீங்கள் சொன்னது என்ன என்று உங்களுக்கே தெரியாது. அதனால் ஒலிப்பதிவையும் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. ஒருமுறைக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம்.

கிளினிக் வரிசையில் காதல் காட்சியை உரத்துச் சொல்ல முடியாது என்பதையும் கணக்கில் எடுங்கள். அங்கே தகவல் குறிப்பு, காட்சிச் சுருக்கம் போதும்.

குசினிக்கணக்கு:
:) வரிசையில நிக்கிறவை முடிவு என்ன எண்டு கேப்பினம்.

சுவடிக்காரன்:
பிரதியைக் காப்பாற்றுவது பற்றி ஒருவரும் சொல்லவில்லை. 1983 கலவரத்திலும் 1995 இடப்பெயர்விலும் நம்மவர்களின் எத்தனையோ கையெழுத்துப் பிரதிகள் போயின. அப்போது ஒரே பிரதிதான் இருந்தது. இப்போது அந்தச் சாட்டு இல்லை.

மூன்று பிரதி, இரண்டு வகை இடம், ஒன்று வீட்டுக்கு வெளியே. லப்டொப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, கூகிள் டிரைவில் அல்லது உங்களுக்கே அனுப்பிய ஈமெயிலில் ஒன்று. ஃபைல் பெயரில் திகதியை ஆண்டு-மாதம்-நாள் ஒழுங்கில் வையுங்கள், தானாக வரிசையாகும். "கடைசி", "புதுக்கடைசி", "உண்மையான கடைசி" என்று பெயர் வைத்தால் பழையதைத்தான் அச்சகத்துக்கு அனுப்புவீர்கள். வேர்ட்டில் தானியங்கி மீட்பு 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருக்கும், அதை 2 ஆக்குங்கள். 2022இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது பற்றரி போன மடிக்கணினியோடு பலருடைய எழுத்தும் போனது. கையால் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் போனில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வையுங்கள்.

செட்டியார்தெரு:
பதிப்பாளர் பின்வாங்கியது பற்றி. முதலில், அவரிடம் எழுத்தில் எதாவது கொடுத்தீர்களா என்று பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதியவருக்கு அவர் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டும் உண்டு. உரிமையை மாற்றுவதென்றால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு மட்டும் என்றால் நீங்கள் தாராளமாக வேறிடம் போகலாம். ஆனாலும் ஒரு சின்ன ஈமெயில் அனுப்பி முடித்து வையுங்கள்: "பிரதியை மீளப் பெற்றுக்கொள்கிறேன்."

அடுத்தவரிடம் போகும்போது ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, மின்நூலும் மொழிபெயர்ப்பும் சேர்ந்தா தனியா, கையிருப்பு முடிந்து எவ்வளவு காலத்தில் உரிமை திரும்பி வரும், உங்களுக்கு எத்தனை இலவசப் பிரதி. "எல்லா உரிமையும்" என்ற ஒரு வரி இருந்தால் கையெழுத்து வைக்க வேண்டாம்.

சொந்தச் செலவில் போடுவதென்றால், நகை அடகு வைத்துப் புத்தகம் அடிக்காதீர்கள். இது ஒழுக்க உபதேசம் இல்லை, கணக்கு. 300 பிரதி அடித்தால் அரைவாசி வெளியீட்டிலும் உறவுகளிடமும் போகும், மிச்சம் கடைகளில் மெதுவாக. கடைக்கழிவு 30 முதல் 40 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கொடுத்ததற்கு ரசீது எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கணக்குக் கேளுங்கள். கேட்காத காசு வராது. அடகு வட்டியோ மாதா மாதம் ஓடும். வீட்டில் சண்டை வருவதும் இங்கேதான், எழுத்தால் இல்லை. புத்தகத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதில் சேர்ந்த அளவுக்குத்தான் அடிப்பது என்று முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள். 300க்கு இல்லையென்றால் 100 டிஜிட்டல் முறையில் அடிக்கலாம். ஒரு பிரதியின் விலை கூடும், கட்டிலுக்குக் கீழே பெட்டி நிற்காது.

நூலுக்கான சர்வதேச எண்ணான ஐ.எஸ்.பி.என்.ஐக் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபையில் எடுக்கலாம். இலங்கைக்கு 955, 624 என்ற எண்கள் வரும். உள்பக்கம் அச்சுக்குப் போக முன்பே எடுக்க வேண்டும். அட்டை அடித்த பிறகு ஒட்டிக்கொண்டு திரிபவர்களைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

விடிவெள்ளி:
வெளியீட்டு விழா வைத்தால் செலவு வந்துவிடுமே? முதற்பிரதி, சிறப்புப் பிரதி வாங்குபவர்கள் என்வலப்பில் தருவது அச்சுச் செலவில் பெரும்பங்கை ஈடுசெய்யும்.

செட்டியார்தெரு:
வரும். ஆனால் அதற்கு விலை நேரம். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் சங்கரப்பிள்ளை மண்டபமோ வேறிடமோ பதிவு செய்ய வேண்டும், சனி ஞாயிறு பின்னேரம் சுலபமாகக் கிடைக்காது. தலைமை, வெளியீட்டுரை, நயவுரை இருவர், அழைப்பிதழ் வாசகத்தில் பெயர் ஒழுங்கு, அதில் வரும் மனத்தாங்கல், நூறு பேருக்குத் தொலைபேசி. ஆறு கிழமைக்கு ஒரு வரி எழுத முடியாது. வீட்டில் படுக்கையில் ஆள் இருக்கும்போது நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பரீட்சை முடிந்த பிறகு, 40 பேரோடு, இரண்டு உரை மட்டும் வைத்துச் சின்னதாகச் செய்யலாம். அணிந்துரையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒருவரிடம் மட்டும் கேளுங்கள், திகதி குறித்துக் கேளுங்கள், அன்றைக்கு வராவிட்டால் அணிந்துரை இல்லாமலே அச்சுக்கு அனுப்புங்கள். அணிந்துரைக்காகக் கிடந்த நூல்கள் நிறைய.

பிழைதேடி:
அச்சகம் என்றதும் நினைவுக்கு வந்தது, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. கொழும்பில் இன்னும் பல இடங்களில் பக்க வடிவமைப்பு பாமினியில்தான் நடக்கிறது. நீங்கள் யுனிகோட்டில் கொடுப்பதை மாற்றுவார்கள், பிறகு மின்நூலுக்கு அதைத் திரும்ப யுனிகோட்டாக்கும்போது பிழைகள் வரும். பாமினியில் "ர்" போடும் இடத்தில் கால் எழுத்தையும் புள்ளியையும் சேர்த்து அடிக்கிற பழக்கம் உண்டு. தாளில் வித்தியாசம் தெரியாது. யுனிகோட்டில் அது "அவா்" என்று காலோடு புள்ளியாக வரும், தேடினால் "அவர்" அகப்படாது. அதே மாதிரி "ரி"யும் காலோடு விசிறியாக, "ாி" என்று வரும். இரண்டையும் தேடி மாற்றுங்கள். மூன்றாவது, பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது "இ". எழுத்துரு கலந்த இடங்களில் "யாழ்ப்பாணம்இ வவுனியா" என்று வரும். "இ"யும் அதன் பின் ஒரு இடைவெளியும் சேர்த்துத் தேடுங்கள். தமிழ்ச் சொல் எதுவும் அப்படி முடியாது.

திருத்தங்களை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். பக்கம், வரி, இருப்பது, வரவேண்டியது என்று ஒரே பட்டியலாகக் கொடுங்கள். படத்தைப் பார்த்து அடிப்பவர் ஒரு பிழையைத் திருத்தி இன்னொன்றைப் புதிதாக வைப்பார். 60,000 சொல் 288 பக்கம் அளவில் வரும், 16 பக்கமாக மடித்தால் 18 மடிப்பு. ஒரு மடிப்பைக் கவனமாக மெய்ப்புப் பார்க்க முக்கால் மணித்தியாலம் எடுக்கும். நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து செய்ய இதைவிட நல்ல வேலை இல்லை. விட்ட இடம் மடிப்பு எண்ணிலேயே தெரியும்.

தாழ்வாரம்:
சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் நடைமுறை என்பதால் சொல்கிறேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இழப்பு வந்தால், எழுத்தாளர் மேல் தானாகவே ஒரு வேலை விழும்: 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு என்ற நினைவு மலர் எழுதுவது. எல்லோரும் "நீங்கள்தானே எழுதுவீர்கள்" என்பார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் அச்சகத்தில் கேட்டுத் திகதியைத் தெரிந்துகொள்ளுங்கள், வழக்கமாக 20ஆம் நாளுக்குள் கொடுத்தால்தான் 31க்குக் கைக்கு வரும். வம்ச வரலாறு, பெயர்கள், முறைகள் எல்லாவற்றையும் உறவில் மூத்த ஒருவரிடம் ஒப்படைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பெயர் விடுபட்டால் வரும் கோபம் வருடக்கணக்கில் நிற்கும். வாழ்க்கைக் குறிப்பு இரண்டு பக்கம் மட்டும் உங்களுடையது. தேவாரப் பகுதியை அச்சகமே வைத்திருக்கும்.

அந்த மாதம் நாவலில் கைவேலை தவிர வேறெதுவும் செய்ய வேண்டாம். துக்கத்தில் எழுதிய காட்சிகளில் எல்லாப் பாத்திரமும் ஒரே குரலில் பேசும், பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. நாட்குறிப்பாக எழுதி வேறு ஃபைலில் வையுங்கள்.

அலைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. இப்படி வைத்திருக்கிறேன்: செவ்வாய், வெள்ளி 7.30–8.15 புதுக்காட்சி, கணவர் பொறுப்பெடுக்கிறார். மற்ற நாட்களில் 20 நிமிடம் திருத்தம் அல்லது ஃஃ தேடல். முதல் கிழமை முழுவதும் அச்செடுத்த பிரதியும் அட்டைகளும் மட்டும். போயா நாட்களில் இரண்டு மணித்தியாலம் புதிதாக எழுதலாம் என்றும் நினைக்கிறேன். கிழமைக்கு 1,000 சொல்.

குசினிக்கணக்கு:
போயாவை வெட்டுங்கோ. அண்டைக்குத்தான் எல்லாரும் வீட்டில, மாமியைப் பாக்க ஆக்களும் வருவினம். ரெண்டு மணித்தியாலம் எண்டு எழுதி வைச்சுக் கிடைக்காட்டி அந்தக் கிழமை முழுக்கக் கோபம். அதுக்குப் பதிலா மகளின்ர சனிக்கிழமை ரியூஷன் நேரத்தைப் பாவியுங்கோ, ஆரும் மாமியோட இருக்க ஏலுமெண்டால். கொண்டுபோய் விட்டிட்டு வீட்டுக்குத் திரும்பாமல் தமிழ்ச் சங்க நூலகத்தில இருங்கோ. வீட்டுக்கு வந்தால் உடுப்புத் தோய்க்கத்தான் போவியள்.

மெய்ப்பாளன்:
45 நிமிடத்தில் 500 சொல் ஒவ்வொரு முறையும் வராது. செவ்வாய் 350, வெள்ளி 350, சனி 300 என்று வைத்தால் 1,000 சரியாக வரும். ஒரு கிழமை தவறினால் அடுத்த கிழமை 2,000 என்று கூட்ட வேண்டாம், 33ஐ 34 ஆக்குங்கள். அட்டைகளுக்கு எண் போடும்போது 10, 20, 30 என்று போடுங்கள், நடுவில் புதுக்காட்சி வந்தால் செருகலாம்.

அலைக்கரை:
அட்டைக்கு மகளின் பழைய கொப்பி மட்டைகளை வெட்டிவிட்டேன். காட்சி 10இலேயே ஒரு கேள்விக்குறி விழுந்திருக்கிறது.